நோவாவின் மழைக்குப் பீங்கான் கப்புகள்

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'நோயஸ் ஃப்ளட்' (நோவாவின் வெள்ளம்) ஓபராவில், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தில், பைபிள் சொல்லும் ஜலப்பிரளயம் தொடங்குவது பீங்கான் கப்புகளில்தான். கயிற்றில் தொங்கும் கப்புகளை மரக்கரண்டியால் தட்ட, முதல் மழைத்துளிகள் விழுகின்றன. அந்த வாத்தியத்தை வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. இப்போது ஓரளவு உருவாகிவிட்டது.

ஓபராவைப் பற்றிக் கொஞ்சம். 1958 ஜூன் 18 அன்று, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஓர்ஃபோர்டு தேவாலயத்தில் முதலில் அரங்கேறியது. பாடல் வரிகள், இடைக்காலத்தில் செஸ்டர் நகரத்தில் நடிக்கப்பட்ட நோவா நாடகத்தில் இருந்து எடுக்கப்பட்டவை. நோவாவும் அவர் மனைவியும் மட்டுமே தேர்ந்த பாடகர்கள். கடவுளின் குரல் பாடாது, பேசும். மற்ற பாத்திரங்களிலும் வாத்தியக் குழுவிலும் பெரும்பாலும் பிள்ளைகள். அவர்கள் கைக்கு எட்டியதையே பிரிட்டன் எழுதினார்: வயலின் பழகத் தொடங்கிய பிள்ளைக்கு விரல் வைக்காமல் வெறும் தந்தியை இழுக்கும் பகுதி, பேழைக்குள் நுழையும் மிருகங்களுக்குப் பியூகிள் என்ற ஊதுகொம்பு, வானவில்லுக்குக் கைமணிகள். எதுவுமே வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டுமே? அதற்குத்தான் கப்புகள்.

கப்பு யோசனை இமோஜன் ஹோல்ஸ்டுடையது. பிரிட்டனுக்கு உதவியாக இருந்த இசைஞர் அவர். போர்க்காலத்தில் பெண்கள் சங்கம் ஒன்றுக்குத் தாள வாத்தியம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில், தன் சமையலறையில் கப்புகளைக் கயிற்றில் கட்டித் தட்டிக் காட்டினாராம். ஸ்வரத்தாளில் உள்ள குறிப்பும் எளிமையானதே: வெவ்வேறு பருமனும் அளவும் உள்ள கப்புகள், ஒருவகை ஸ்வரவரிசை வரும்படி, கைப்பிடியில் கயிறு கட்டி மர ஸ்டாண்டில் தொங்க வேண்டும். துல்லியமான சுருதி கேட்கவில்லை. அந்தத் தாராளம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஸ்டாண்டுக்குப் பழைய கட்டில் சட்டங்கள் போதுமாக இருந்தன. கப்பு தேர்ந்தெடுப்பதில்தான் முழு வேலையும். பாத்திரக் கடையில் ஒவ்வொன்றாகக் கைப்பிடியில் விரலை நுழைத்துத் தொங்கவிட்டுச் சுண்டிப் பார்த்தேன். கடைக்காரர் முதலில் முறைத்தார். அப்புறம் அவரே உள்ளேயிருந்து எடுத்து வந்து தட்டிக் காட்டினார். வாய் அகலமானால் சுருதி இறங்குகிறது. சுவர் தடித்தால் ஏறுகிறது. தடித்த மண் குவளைகள் 'டொக்' என்று நின்றுவிடுகின்றன. நன்றாகச் சுட்ட மெல்லிய பீங்கானில்தான் துளி விழுந்தது போன்ற ஒலி. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் தட்டியதுமே காதுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது மிக முக்கியம். ஒரே கப்பில் இரண்டு ஸ்வரங்கள் உண்டு. கைப்பிடிக்கு நேர் எதிரே விளிம்பைத் தட்டினால் ஒன்று. அங்கிருந்து அரைக்கால் வட்டம் தள்ளித் தட்டினால் சற்று உயர்ந்த இன்னொன்று. கைப்பிடியின் எடை முதல் அதிர்வை மட்டும் இழுத்துப் பிடிப்பதே காரணம். கப்பு கைப்பிடியில் தொங்கும்போது எதிர்ப்பக்கம் கீழே போய்விடுவதால், கரண்டி எங்கே படுகிறதோ அதற்கேற்ப ஸ்வரம் மாறிக்கொண்டே இருந்தது. தட்ட வேண்டிய இடத்தில் பெயின்டால் புள்ளி வைத்ததும் அடங்கியது. நைலான் கயிறு முறுக்கிக்கொள்கிறது. பருத்திக் கயிறே நல்லது. கப்புகளுக்கு இடையே ஒரு கையகலம் விட்டால் ஒன்றோடொன்று மோதாது.

ஜலதரங்கம் கேட்டு வளர்ந்த காதுக்குத் தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்க்கத் தோன்றும். தொங்கும் கப்பில் தண்ணீர் நிற்காது. வரிசையை மாற்றி அடுக்குவது ஒன்றே வழி.

சரி, வாசித்துப் பார்த்த கதை. 1961இல் ஓர்ஃபோர்டிலேயே நார்மன் டெல் மார் நடத்திய ஒலிப்பதிவை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து தட்டினேன். புயல் காட்சி பஸகாலியா வடிவில் அமைந்தது. அதாவது கீழே ஒரே பாஸ் வரி திரும்பத் திரும்ப வர, மேலே வாத்தியங்கள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. மழை, காற்று, அலை, மிரண்ட மிருகங்கள் என்று ஏறி, உச்சத்தில் கடலில் போகிறவர்களுக்காக ஆங்கிலேயர் பாடும் பழைய பாமாலைப் பாட்டு வருகிறது. அங்கே பார்க்க வந்தவர்களும் எழுந்து பாட வேண்டும். பிறகு எல்லாம் வந்த வழியே அடங்குகிறது. அந்தப் பெரிய புயலுக்கு முன்னால், பியானோவோடு, என் கப்புகள். பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கரண்டியைக் கொடுத்தேன். சைகை காட்டிய இடத்தில் சரியாகத் தட்டினாள். அவள் தட்டாமல் மழை தொடங்காது என்று புரிந்துகொண்ட முகம் அது. பிரிட்டன் எதற்காக இப்படி எழுதினார் என்பதை எந்த விளக்கவுரையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இதே ஓபராவுக்கு வேண்டிய உப்புத்தாள் கட்டைகளும் தயார்: இரண்டு மரத்துண்டுகளில் ஒட்டி ஒன்றோடொன்று உரச வேண்டும். நைஸ் தாளைவிட முரட்டுத் தாளில் ஒலி நன்றாக எழும்புகிறது. அடுத்து காற்று எந்திரம். சுழலும் மர உருளைமேல் கித்தான் துணி உரசும்படி செய்ய வேண்டும். உருளைக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.