அம்மாவோடு ரியோகானில் ஒரு ராத்திரி

ஜப்பானுக்கு டிக்கெட் போட்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க சாப்பாட்டுக்கு என்னடி பண்ணுவோம்?" எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. எனக்கோ ரியோகானில், அதாவது அவர்களின் பழைய பாணி விடுதியில், ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்று பல வருஷத்து ஆசை. அங்கே பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதிலேயே சேர்த்தி. சமைப்பவர் நமக்கென்றே யோசித்துச் செய்யும் சாப்பாடு அது, வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

சிக்கல் தாஷி என்கிற அடிச்சாற்றில் இருந்தது. மீன் துண்டை எடுத்துவிடுவார்கள், ஆனால் சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் அடியில் உலர்ந்த சூரை மீன் சீவலில் எடுத்த அந்தச் சாறு இருக்கும். வெறுமனே 'சைவம்' என்று சொன்னால் போதாது. இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி எதுவும் ஆகாது, கொம்பு என்கிற கடற்பாசியிலும் ஷிட்டாகே காளானிலும் எடுத்த தாஷி என்றால் சரி என்று ஜப்பானிய மொழியில் எழுதி, இரண்டு மாதம் முன்பே அனுப்பினேன். முதல் விடுதி, எங்களால் முடியாது, மன்னியுங்கள் என்று பதில் போட்டது. அன்றைக்கு வருத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால், தெரியாமல் மீனைப் போட்டுத் தருவதைவிட அது எவ்வளவோ மேல். இரண்டாவது விடுதி திருப்பிக் கேள்வி கேட்டது: வெங்காயம், பூண்டு சேர்க்கலாமா? சமையலில் சாகே மது ஊற்றலாமா? கேள்வி கேட்கிற இடத்தை நம்பலாம் என்று அங்கேயே பதிவு செய்தேன்.

ஊர் கினோசாகி ஒன்சென். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. கியோட்டோவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். ஓத்தானி ஆறு, கரையெல்லாம் கிளை தொங்கும் வில்லோ மரங்கள், ஏழு பொது வெந்நீர்க் குளியல் இடங்கள். ஊரே ஒரு விடுதி என்பார்கள்: ரயில் நிலையம்தான் வாசல், தெரு நடைக்கூடம், ஒவ்வொரு விடுதியும் ஓர் அறை. விடுதியில் தங்கினால் அந்தக் குளியல் இடங்களுக்குக் காசு இல்லை.

மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றி உள்செருப்பு மாட்டி, ததாமிப் பாய் வந்ததும் அதையும் கழற்ற வேண்டும். கழிவறைக்குத் தனிச் செருப்பு. இதெல்லாம் அம்மாவுக்குச் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. தடுமாறியது யுகாதாவில்தான். பருத்தி அங்கியை அவள் வலது பக்கம் மேலே வரும்படி கட்டிக்கொண்டாள். தேநீர் கொண்டுவந்த பணிப்பெண் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்து, மண்டியிட்டு, ஒன்றும் பேசாமல் இடுப்புப் பட்டையை அவிழ்த்து, இடது பக்கத்தை மேலே கொண்டுவந்து கட்டிவிட்டார். வலது மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. அப்புறம் நான் சொன்னதும் அம்மா, "பெத்த பிள்ளை மாதிரி வந்து சரி பண்ணிச்சே" என்றாள்.

ஆறு மணி என்று சொன்னால் ஆறு மணிக்குச் சாப்பாடு வரும். எள் தோஃபு, மிசோ என்கிற புளித்த சோயா விழுது தடவிச் சுட்ட கத்திரிக்காய், மாவில் தோய்த்துப் பொரித்த மலைக்கீரை தெம்பூரா, காளான் சாறு, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு கிண்ணத்தில். சோறு கடைசியில்தான், ஊறுகாயோடு. அதுவரை அம்மா பொறுமையாக இருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் மேசையை ஓரமாக நகர்த்தி ஃபுட்டோன் மெத்தைகளை விரித்துப் போனார்கள்.

குளியலுக்கு மட்டும் அம்மா மசியவில்லை. ஆண், பெண் தனித்தனிதான், ஆனாலும் உடம்பில் துணியில்லாமல் நாலு பேர் நடுவிலா! விடுதியில் பூட்டிக்கொள்ளும் சின்னக் குளியலறை ஒன்று இருந்தது, நாற்பத்தைந்து நிமிடத்துக்கு எடுத்தோம். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். தலைமுடி நீரில் படக்கூடாது, துண்டும் படக்கூடாது. அவள் முதுகைத் தேய்த்துவிட்டேன். எனக்கு நினைவு தெரிந்து அது முதல் தடவை. முழங்கால் மூட்டு வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன், இத்தனை நாளும் சொல்லவே இல்லை. தண்ணீருக்குள் காலை நீட்டி, "வலி எங்க போச்சுன்னே தெரியல" என்றாள்.

படுத்ததும், அந்த ஏழு குளியல் இடங்களில் ஒன்றான கோனோயுவின் கதையைச் சொன்னேன். அடிபட்ட நாரை ஒன்று அங்கே வெந்நீரில் காலை நனைத்து ஆற்றிக்கொண்டதாம், அப்படித்தான் அந்த ஊற்றைக் கண்டுபிடித்தார்களாம். 1971-இல் இதே வட்டாரத்தில்தான் ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை செத்தது. கூண்டில் வளர்த்த நாரைகளை 2005-இல் மறுபடி பறக்கவிட்டார்கள். அம்மா பதில் சொல்லவில்லை, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

காலையில் கண் விழித்தபோது யுகாதாவை இடது மேலே வரக் கட்டிக்கொண்டு, துண்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த நாரை குளிச்ச எடத்த எத்தன மணிக்குடி தொறப்பாங்க?"