அழவிடக் கூடாத குழந்தை

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. ஃபாலோ டெட்ராலஜி என்று பெயர். கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதையில் அடைப்பு, அந்த ஓட்டைக்கு மேலேயே உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி, தடித்துப்போன வலது கீழறை என நான்கும் சேர்ந்து வருவது. சொந்தக்காரர்களிடம் "இதயத்துல ஓட்டை" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். வீட்டில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது அந்த அடைப்பு. குழந்தை வீறிட்டு அழுதால் பாதை இன்னும் சுருங்கும். ஆக்ஸிஜன் குறைந்த கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் ஓட்டை வழியாக உடம்புக்கே திரும்பிவிடும். பிள்ளை நீலம் பாய்ந்துவிடும்.

தடுப்பூசி போட்ட அன்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஊசிக்கு அழுத பிள்ளையின் நகங்களைப் பார்த்துவிட்டு, உடனே டாக்டரைக் கூப்பிட்டார். அப்புறம் மதுரையில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தோம். ஒரு வயதையொட்டி ஆபரேஷன் செய்யலாம், அதுவரை ரொம்ப அழவிடாதீர்கள் என்றார்கள். ஒரு கைக்குழந்தையை எப்படி அழவிடாமல் வளர்ப்பது?

மதுரை டாக்டர் ஒன்று செய்தார், அதற்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன். வாயால் சொல்லி அனுப்பாமல் பாப்பாவை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு முழங்கால்களையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். கால்களை அப்படி மடக்கினால் உடம்புப் பக்கம் ரத்தம் ஓடுவதற்குத் தடை கூடும், அதனால் நுரையீரல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்று விளக்கினார். என்னையும் என் கணவரையும் செய்யச்சொல்லிப் பார்த்த பிறகுதான் அனுப்பினார். வீட்டுக்கு வந்து அத்தைக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். என் கணவர் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போய்விடுவார். நான் குளிக்கப் போகும் நேரத்துக்கு யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

தேவைப்பட்டது ஒரு விடிகாலையில். தூங்கி எழுந்து பாலுக்கு அழுதவள் அழுகையை நிறுத்தவே இல்லை. உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது. மூச்சு வேகமாக, ஆழமாக வாங்கியது. தோளில் போட்டு முழங்கால்களை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் காதில் ஏதேதோ பேசிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. அடங்காவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆக்ஸிஜன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அடங்கினாலும் அன்றே டாக்டரிடம் சொல்லவேண்டும். இப்படி நீலம் பாய்வதைக் குறைக்கும் ப்ரோப்ரானோலால் மருந்தை ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பிள்ளை சாப்பிடாமலோ வாந்தி எடுத்துக்கொண்டோ இருந்தால், கேட்காமல் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும்.

எங்கள் ஊர் ராஜபாளையத்து வெயில் இன்னொரு பயம். நீலம் பாயும் பிள்ளைகளுக்கு ரத்தம் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும், நீர்ச்சத்து குறைந்தால் ஆபத்து. வயிற்றோட்டம் என்றால் கை வைத்தியமெல்லாம் பார்ப்பதில்லை, நேரே ஆஸ்பத்திரிதான்.

தவழ ஆரம்பித்த பிறகு "வேண்டாம்" என்ற சொல்லே வீட்டில் இல்லை. பிடுங்கினால் அழுவாள் என்பதால் போன், சாவி, கத்தரிக்கோல் எல்லாம் பரணுக்குப் போயின. அத்தையோ கேட்டதையெல்லாம் கொடுத்தார். "புள்ள அழுதா எனக்கு உசுரு நிக்காது" என்பார். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோம் என்று சிலர் சொன்னது வலித்தது. ஒரு தடவை அவளை நீலமாகப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே காகித வேலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் இருப்பது முக்கியம். பெயரோடு பிறப்புச் சான்றிதழ், அதை வைத்து ஆதார், பிறகு குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பு, வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை. இதே வரிசையில் போனால் அலைச்சல் குறையும். குழந்தை நோய்வாய்ப்படுகிறதோ இல்லையோ, பிறந்த சில மாதங்களுக்குள் இதை முடித்துவைப்பது நல்லது.

ஆபரேஷனுக்காகப் பொதிகை ரயிலில் சென்னைக்குப் போனோம். காப்பீட்டின் முன் அனுமதி வந்திருந்தும் பாப்பாவுக்குச் சளி பிடித்ததால் ஆபரேஷன் தள்ளிப்போனது. ஆபரேஷனுக்குச் செலவாகும் ரத்தத்துக்கு ஈடாக ரத்தம் கேட்டபோது, கணவரின் மில் நண்பர்களின் சென்னைச் சொந்தங்கள் வந்து கொடுத்தார்கள். ஓட்டையை ஒட்டுப்போட்டு மூடி, அடைத்திருந்த தசையை வெட்டி எடுத்தார்கள். ஐ.சி.யூ.வில் முகம் வீங்கி, உடம்பெல்லாம் குழாயாகக் கிடந்தாள். என் கண் மானிட்டரிலேயே இருந்தது. எண்பதுகளில் மட்டுமே பார்த்துப் பழகிய ஆக்ஸிஜன் அளவு 98 என்று காட்டியது.

வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்செலும்பு கூடும்வரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கவில்லை. பிட்டத்திலும் முதுகிலும் கை கொடுத்து அள்ளித்தான் எடுப்போம். பல் சுத்தத்தில் இன்றும் கவனம், ஈறு வழியாகக் கிருமி போய் இதயத்தில் தங்கிவிடலாம். நுரையீரல் வால்வில் கொஞ்சம் கசிவு இருக்கிறது. வருஷா வருஷம் எக்கோ பார்க்கவேண்டும், வளர்ந்த பிறகு வால்வு மாற்ற வேண்டி வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். அவளைத் தனியாக உட்காரவைக்க வேண்டாம், ஓடட்டும், அடம்பிடித்தால் மற்ற பிள்ளைகளைப் போலவே கண்டியுங்கள் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். டீச்சர் ஒத்துக்கொண்டார். அத்தையைத்தான் இன்னும் சம்மதிக்கவைக்க முடியவில்லை.