ஆறு தூண்களும் நடுவில் ஓர் இடைவெளியும்

மெக்சிகோ நகரத்தின் சாபுல்தெபெக் பூங்கா வாசலில் நிற்கும் ‘நீன்யோஸ் எரோயெஸ்’ நினைவுச்சின்னத்தை அட்டையில் செய்யத் தொடங்கி ஐந்து வாரமாகிறது. ‘வீரச் சிறுவர்கள்’ என்று பெயருக்குப் பொருள். ஆறு வெள்ளைத் தூண்கள்தானே, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன்.

தூண்கள் உண்மையிலேயே சுலபம்தான். மரக்குச்சியில் சார்ட் பேப்பரை இறுக்கிச் சுற்றி, பசை காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். உச்சியைத் தீப்பந்தம் மாதிரி, காய்ந்தால் இறுகும் எபாக்ஸி புட்டிப் பசையில் பிடித்தேன். அசல் தூண்கள் பளிங்கு. ஆனால் வெறும் வெள்ளை பெயின்ட் அடித்தால் சுண்ணாம்பு பூசியது போல இருக்கிறது. துளி மஞ்சளும் அதைவிடக் குறைவாகச் சாம்பலும் கலந்த பிறகுதான் கல்லின் களை வந்தது.

சொதப்பியது பீடத்தில். தூண்கள் அரைவட்டமாக நிற்கின்றன. ஆறு தூண் என்பதால் வளைவை ஆறாகப் பிரித்துத் துளை போட்டுவிட்டேன். எண்ணிப் பார்த்தால் ஏழு துளை! ஆறு தூணுக்கு நடுவே ஐந்து இடைவெளிதான் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. சரி, கடைசித் துளையை அடைத்துவிடலாம் என்று ஆறு தூண்களையும் நட்டுப் பார்த்தேன். நட்டநடுவில் ஒரு தூண் வந்து நின்றது, நினைவுச்சின்னத்தின் நடுவே வரும் தாய் சிலையின் முதுகுக்கு நேர் பின்னால். அப்போதுதான் அசல் அமைப்பின் சூட்சுமம் பிடிபட்டது. இரட்டைப்படை எண்ணிக்கையில் நடுத்தூண் கிடையாது. அந்த இடைவெளியில்தான் தாய் நிற்கிறாள். பீடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினேன்.

தாய் உருவம் இன்னும் முடிந்தபாடில்லை. எர்னெஸ்தோ தமாரிஸ் செதுக்கிய சிற்பம் அது; விழுந்த மகனைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள், இன்னொருவன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறான். முதல் முயற்சியில் மகனின் கனம் தாங்காமல் எபாக்ஸி புட்டி முன்பக்கம் சாய்ந்தது. அடுத்த முறை உள்ளே கம்பி வைத்தேன், சாயவில்லை; ஆனால் தலை பெரிதாகிப் பொம்மை போல ஆகிவிட்டது. மூன்றாவது இப்போது காய்கிறது.

காயும் நேரத்தில் படித்ததுதான் மனதில் ஓடுகிறது. 1847 செப்டம்பர் 13, அமெரிக்கப் படை சாபுல்தெபெக் கோட்டையைத் தாக்கிய நாள். கோட்டைக்குள் அப்போது ராணுவப் பள்ளி இருந்தது. இறந்தவர்களில் ஹுவான் தெ லா பர்ரேரா, எஸ்குதியா, மார்கெஸ், மெல்கார், மொந்தெஸ் தெ ஓகா, சுவாரெஸ் ஆகிய ஆறு பேரைத்தான் தூண்கள் குறிக்கின்றன. மார்கெஸுக்கு வயது 13 வாக்கில். எஸ்குதியா மெக்சிகோ கொடியைப் போர்த்திக்கொண்டு கோட்டையிலிருந்து குதித்தான் என்ற கதையை வரலாற்றாசிரியர்கள் பலர் நம்புவதில்லை. 1947இல் கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் கிடைத்த எலும்புகள் இவர்களுடையவைதானா என்பதிலும் சந்தேகம் உண்டு. அதே ஆண்டில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் வந்து மலர்வளையம் வைத்தார். அன்று இந்தத் தூண்கள் இல்லை, பழைய ஸ்தூபி ஒன்றுதான் இருந்தது. இது திறக்கப்பட்டது 1952இல்.

எலும்புகளை வைத்த பேழைகள் தூண்களுக்குள் இருக்கின்றன என்று படித்ததும் என் தூண்கள் வெறும் குச்சிகளாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் கத்தி நுனியால் சின்ன மாடம் குடைந்தேன். காகிதச் சுருள் பிரிந்து ஒரு தூண் வீணானது, மறுபடி சுற்றினேன்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 13 அன்று அங்கே ஆறு பெயர்களையும் வருகைப்பதிவு போல அழைப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ‘தாய்நாட்டுக்காக இறந்தான்’ என்று மற்றவர்கள் குரல் கொடுப்பார்கள். எந்தத் தூண் யாருக்கு என்று நானும் பீடத்தின் அடிப்பக்கம் பென்சிலால் எழுதிவைத்தேன். கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

படிக்கட்டு பாக்கி. இடமிருந்து இரண்டாவது தூண் லேசாகச் சாய்ந்திருக்கிறது. பசை இளகுமா என்று நாளை பார்க்க வேண்டும்.