ஒரு சைபருக்காக ஹாஸ்கெல்

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்டது, அதற்கு வேலை கிடைக்குமா என்பதுதான். மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ அந்த மொழிக்காக ஒருவரை வேலைக்கு எடுப்பார்கள் என்று நானும் நம்பவில்லை. என் காரணம் வேறு. அது சித்தப்பாவின் மீன் கமிஷன் கடையில் இருக்கிறது.

அந்தக் கடைக்குப் பைத்தானில் ஒரு கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏலத்தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு, கமிஷன் எல்லாவற்றையும் கழித்து, மீதியைப் படகின் உரிமையாளரான சம்மாட்டிக்கும் படகில் போனவர்களுக்கும் அது பங்கு வைக்கும். பங்கு வைக்கும் முறை படகுக்குப் படகு மாறும்; வாங்கிய முன்பணம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருநாள் மாதக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த சம்மாட்டி ஒருவர், "கடலுக்கே போகாத நாளுக்கும் சைபர், போயிட்டு வெறும் வலையோட வந்த நாளுக்கும் சைபரா தம்பி?" என்று கேட்டார்.

இரண்டும் ஒன்றல்ல என்பது கரையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி, மீன்வளத்துறை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாளில் படகு நின்றால் செலவும் இல்லை, வரவும் இல்லை. போய்ப் பாடு, அதாவது பிடிபட்ட மீன், இல்லாமல் திரும்பினாலோ, டீசலும் ஐசும் போனது போனதுதான். அன்றைய பங்கு கடனாகிவிடும். மூன்றாவதாக, மீன் விற்றும் வியாபாரியிடமிருந்து தொகை இன்னும் தெரியவராத நாளும் உண்டு. இந்த மூன்று நிலைகளையும் ஒரே எண்ணுக்குள் அடைத்தால், கூட்டல் சரியாக இருந்தும் கணக்கு பொய்யாகிவிடும்.

பைத்தானில் இவற்றைப் பிரித்து வைக்க முடியாதா என்றால், தாராளமாக முடியும். ஆனால் ஒரு நிலையைக் கவனிக்காமல் விட்டால் அந்த மொழி தானாக முன்வந்து கேட்காது. ஹாஸ்கெலில் 'போகவில்லை', 'தொகை வரவில்லை', 'போனது' என்று மூன்று வடிவங்கள் கொண்ட ஒரு தரவு வகையை (type) அறிவித்து, செலவு பின்னிரண்டுக்குள் மட்டுமே, விற்ற தொகை (வெறும் வலை என்றால் சைபர்) 'போனது' என்பதற்குள் மட்டுமே இருக்கும்படி செய்துவிடலாம். அதன்பின், போகாத படகின் டீசல் செலவைக் கேட்கும் வரியை எழுதவே இடமில்லை. உரிய எச்சரிக்கையை இயக்கி வைத்தால், மூன்றில் எதையாவது விட்டுவிட்டு எழுதிய செயற்கூற்றை (function, அதாவது உள்ளீட்டை வாங்கி விடை தரும் நிரல் துண்டை), நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் தொகுப்பியே (compiler) சுட்டிக்காட்டும். 1965இல், 'இங்கே எதுவும் இல்லை' என்று சொல்லும் வெற்றுக் குறிப்பை (null) ஒரு நிரல்மொழிக்குள் கொண்டுவந்த கணினி அறிஞர் டோனி ஹோர், 2009இல் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றே குறிப்பிட்டார். எங்கள் கடையின் இழப்பு அவ்வளவு பெரிதில்லை என்றாலும், பங்குக்காரர் ஒருவருக்குக் கணக்கின்மேல் சந்தேகம் வந்துவிட்டால் அதைத் தீர்ப்பது எளிதல்ல.

இரண்டாவது ஈர்ப்பு, மதிப்புகள் மாறாமல் இருப்பது. சித்தப்பாவின் பேரேட்டில் எழுதிய எண்ணை அழித்து எழுதும் வழக்கம் கிடையாது. கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த வரியில் புதிதாக எழுதுவார். என் பைத்தான் நிரலிலோ 'மீதி' என்ற ஒரே மாறி, கழிக்கக் கழிக்க வேறு எண்ணாகிக்கொண்டே போகிறது. ஹாஸ்கெலில் ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பு மாறுவதில்லை. ஒவ்வொரு கழிவுக்குப் பின்னும் வரும் தொகைக்குத் தனிப் பெயர் இருப்பதால், எந்தப் படியில் எவ்வளவு குறைந்தது என்று கேட்டவரிடம் காட்ட முடிகிறது.

இவற்றில் எதுவும் புதிய சரக்கு இல்லை. ஹாஸ்கெலின் முதல் வரையறை 1990இல் வெளிவந்தது. அதற்கும் முன்பே, 1957இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை உலகுக்குக் கொடுத்த ஜான் பாக்கஸ், 1977இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது பெற்ற உரையில், ஃபோர்ட்ரான் உட்பட வழக்கமான மொழிகள் எல்லாம் நினைவகத்தில் ஒவ்வொரு மதிப்பாக மாற்றி எழுதும் பழக்கத்தில் சிக்கிக்கிடப்பதாக விமர்சித்து, செயற்கூறுகளைக் கோத்தே நிரல் எழுதும் ஃபங்ஷனல் முறையை முன்வைத்தார். தான் கட்டியதையே அந்த மேடையில் குறை சொன்ன அவருடைய துணிச்சல் என்னை மிகவும் கவர்ந்தது. நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலின் முதல் பாடத்திலும் தூய செயற்கூறு விளக்கப்படுகிறது: ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. மாணவர்கள் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பது வருத்தம்தான்.

ஹாஸ்கெலில் வெளியுலக வேலைகளைக் கோத்து எழுத உதவும் மோனட் என்ற கருத்து பற்றி எழுதாமல் விடுகிறேன். உவமைகளால் அதை விளக்கும் கட்டுரைகள் என்னைக் குழப்பியதுதான் மிச்சம். ரசீது அச்சிடுவது போன்ற வெளியுலக வேலை செய்யும் பகுதி எது, வெறும் கணக்கு எது என்பது வகையைப் பார்த்தாலே தெரிகிறது. இப்போதைக்கு எனக்கு அது போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கடையிலும் வேலை குறைவு. கழிவுகளுக்கான செயற்கூறுகளை எழுதி முடித்துவிட்டேன். முன்பணத்தில்தான் நிற்கிறேன்: பாடு இல்லாத நாளின் செலவு படகின் கடனா, போனவர்கள் ஒவ்வொருவரின் கடனா என்று சொன்னால்தான் வகையை எழுத முடியும். அதற்குச் சம்மாட்டிகளே ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.