அதே இடத்தில் அதே ஈரம்

மார்ச் 4, 2023, சனி

கார் வந்துவிட்டது. ஈப்போவிலிருந்து நானே ஓட்டி வந்தேன். சுங்கை சிப்புட் பட்டணத்துக்குள் நுழைந்ததும் ஓரமாக நிறுத்திக் கூரையைத் திறந்தேன். பொத்தானை அழுத்திப் பிடித்தால் துணிக்கூரை தானாக மடிந்து பின்னால் போய் ஒடுங்கிக்கொள்கிறது. கோப்பிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

மலேசியாவில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இது எதற்கு என்று ஊர் கேட்கும். அப்பாவுக்காகத்தான் வாங்கினேன். 1960களில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து மேலாளரான துரைக்கு அவர்தான் காரோட்டி. துரை வைத்திருந்தது கூரை மடக்கும் மோரிஸ் மைனர். பத்து ஆண்டுகளுக்கு மேல் அதைக் கழுவித் துடைத்து ஓட்டினார் அப்பா. அம்மாவும் நானும் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. இப்போது அவருக்கு வயது 82. அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, பழைய தோட்டச் சாலையில் கூரையைத் திறந்தபடி ஓட்ட வேண்டும். அதற்காக ஏழாண்டுத் தவணை எடுத்திருக்கிறேன். கடைசித் தவணை கட்டி முடிக்கும் ஆண்டில் எனக்கு அறுபது வயதாகும், பணி ஓய்வும் வரும்.

அப்பா காரை ஒருமுறை சுற்றி வந்தார். துணியை இரண்டு விரல்களால் பிடித்துப் பார்த்துவிட்டு, "மழைக்குத் தாங்குமா அம்மா?" என்று கேட்டார்.

மார்ச் 19, ஞாயிறு

தாங்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு இடியோடு பெய்த மழை ஐந்தரைக்குத்தான் விட்டது. கோயில் வாசலில் நிறுத்தியிருந்த காரின் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். முன்கண்ணாடித் தூணும் கூரையும் சேரும் மூலையிலிருந்து இருக்கை வரை ஒரு நீர்க்கோடு. கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தை அழுத்தினால் விரலுக்கிடையே தண்ணீர் வந்தது. வீட்டு வாசலில் கதவுகளைத் திறந்துவைத்து விசிறி போட்டேன். இரவு வரை காயவில்லை. உறைந்த ரப்பர்ப் பாலான ஒட்டுப்பால் மூட்டையை அவிழ்த்ததுபோல ஒரு வாடை. அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. இந்த ஈரத்தில் அவரை உட்காரவைக்க மாட்டேன்.

மார்ச் 31, வெள்ளி

காரை விற்றவர்களின் பணிமனையில் நான்கு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். பணித்தாளில் இருப்பது இதுதான்: "தண்ணீர் பீய்ச்சிச் சோதிக்கப்பட்டது. குறை காணப்படவில்லை. ரப்பர் விளிம்பில் சிலிக்கான் பூசப்பட்டது."

ஏப்ரல் 12, புதன்

பள்ளி விட்டு வரும் வழியில், மேகம் கறுக்கிறதே என்று கூரையை மூடப் பொத்தானை அழுத்தினேன். பாதி எழுந்து நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திரையில் ஓர் எச்சரிக்கை, கூடவே விடாத ஒலி. கூரை பாய்மரம்போல் நிற்க, மெதுவாக ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் தார்ப்பாயைக் கொண்டுவந்து போர்த்திக் கட்டினான். தூறல் தொடங்கியிருந்தது. அப்பா வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை சித்திரைப் புத்தாண்டுக்குக் கோயிலுக்கு இதில் போகலாம் என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஏப்ரல் 25, செவ்வாய்

நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பிறகு கார் கிடைத்தது. இந்தக் கூரை எப்படி இயங்குகிறது என்பதை இன்று உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சிறு மின்பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் உருளைகள் நீண்டு கூரைச் சட்டத்தைத் தூக்குகின்றன. பூட்டு திறந்ததா, மூடி எழுந்ததா, துணி மடிந்ததா என்று ஒவ்வொரு படியிலும் ஒரு சிறிய உணர்வி கணினிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஓர் உணர்வி பேசாவிட்டாலும் கணினி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அப்படி ஓர் உணர்வி பழுதாம். மாற்றிவிட்டார்களாம்.

"கம்பளம் நனைந்ததே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?" என்று கேட்டேன்.

"அது வேறு, இது வேறு, சிகு," என்றார் பணிமனை இளைஞர். சிகு என்றால் மலாயில் ஆசிரியர். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் என் கேள்வியை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

மே 7, ஞாயிறு

நேற்று இரவு மழை. இன்று காலை அதே மூலை, அதே கோடு, அதே கம்பளம். பிற்பகலில் கூரையைத் திறந்து பார்த்தேன். மறுபடியும் பாதியில் நின்றது. புது உணர்வி போட்டு 12 நாள் ஆகிறது.

தொலைபேசியில் அழைத்தேன். "கொண்டு வாருங்கள், புதிய புகாராகப் பதிந்துகொள்கிறோம்," என்றார்கள். புதிய புகார்! என் கோபமெல்லாம் அந்தச் சொல்லின் மேல்தான். ஒவ்வொரு முறையும் புதியது என்று எழுதினால் இந்தக் காருக்குத் தொடர்நோய் என்பதே காகிதத்தில் இருக்காது.

அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். நிறுவைக் கொட்டகையில் பாலை நிறுத்து, அதில் ரப்பர் எத்தனை பங்கு என்று மானியை மிதக்கவிட்டுப் பார்த்து, தோட்ட எழுத்தரான கிராணி புத்தகத்தில் எழுதிக்கொள்வார். கூலி அந்த எழுத்தின்படிதான். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும், அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் கோடு போடுவார். கிலோவுக்கு நெடுங்கோடு, அரைக்குக் குறுங்கோடு. சம்பள நாளில் கிராணி சொன்ன கணக்கும் சுவரும் ஒத்துப்போகாத மாதம், அம்மா அந்த மேசையை விட்டு நகரமாட்டார். ஒருமுறை கிராணியே நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்று ஒரு பள்ளிக் குறிப்பேட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, மழை நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு ஈரம், கூரை இயங்கியதா, படம் எடுத்தேனா. இனி ஒரு மழையும் கணக்கில் விடுபடாது.

மே 13, சனி

முன்பு தோட்டத்து லாரிகளையும் டிராக்டர்களையும் பழுதுபார்த்த அண்ணன் ஒருவர் பட்டணத்தில் பட்டறை வைத்திருக்கிறார். காரைக் காட்டினேன். "டீச்சர், இதில் நான் ஓர் ஆணியைக் கூடக் கழற்றமாட்டேன். கை வைத்தால் என் மேல் பழியைப் போட்டு உத்தரவாதம் செல்லாது என்பார்கள். பார்த்து மட்டும் சொல்கிறேன்," என்றார்.

பழைய நாளிதழிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்து ரப்பர் விளிம்பில் வைத்தார். கதவை மூடி, காகிதத்தை இழுக்கச் சொன்னார். மேல்விளிம்பு முழுக்க இறுகப் பிடித்தது. மூலைக்கு வந்ததும் தடையே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அங்கே கண்ணாடி ரப்பரைத் தொடவே இல்லை. இந்தக் கதவுக்கு மேற்சட்டம் கிடையாது. திறக்கும்போது கண்ணாடி சற்று இறங்கும், மூடியதும் ஏறி ரப்பருக்குள் அமரும். எவ்வளவு ஏற வேண்டும் என்ற அளவு பிசகினால் மெழுகும் சிலிக்கானும் பூசி ஒரு பயனும் இல்லை.

பிறகு கூரைத் துணி உடலோடு சேரும் பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். பள்ளத்து நீர் ஒரு குழாய் வழியாக இறங்கிப் பின்சக்கரத்துக்கு அருகே தரையில் சொட்ட வேண்டும். வலப்பக்கம் உடனே சொட்டியது. இடப்பக்கம் ஒரு சொட்டும் இல்லை. சிறிது நேரத்தில் உள்ளே கம்பளம் குளிர்ந்தது. குழாய் எங்கோ கழன்றிருக்கிறது.

கடைசியாக இருக்கைக்கு அடியில் விளக்கைப் பிடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கம்பிகளை இணைக்கும் முனையில் செம்புக்கு மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. "உணர்வியின் செய்தி இதன் வழியாகத்தான் போகும் போலிருக்கிறது. தண்ணீர் நின்று இதை அரிக்கிறது. இதை விட்டுவிட்டு உணர்வியை எத்தனை முறை மாற்றினாலும் கூரை நிற்கும். இரண்டும் ஒரே நோய், டீச்சர்."

மூலையை விரலால் தடவியபடி, "நம் ஊர் ரப்பரா அண்ணே?" என்று கேட்டேன். இல்லையாம். மரத்துப் பாலில் செய்த ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துவிடும். அதனால் கதவு விளிம்புகளுக்கு இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரைத்தான் போடுகிறார்கள். ரப்பரால் வாழ்ந்த ஊரில் பிறந்து 53 ஆண்டுகளாக இது எனக்குத் தெரியாது. கூலி வாங்க மறுத்துவிட்டார். ஒரு தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

மே 29, திங்கள்

மூன்றாவது பணித்தாள்: "இணைப்பு முனை சுத்தம் செய்யப்பட்டது." கண்ணாடியின் அளவைப் பற்றியும் குழாயைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம் அப்படியே காருக்குள் கிடந்தது. சனிக்கிழமை மழையில் மறுபடி ஈரம்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் தங்கை மகன் அழைத்தான். அங்கே 2012 செப்டம்பர் முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறதாம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்ததாகத்தான் கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. நம் நாட்டில் பழுதான காருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரவு முழுக்க அதைப் படித்தேன். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். சரிசெய்யக்கூடிய குறையை நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும். மூன்று பணித்தாள், மூன்று மாதம். இது நியாயமான காலமா?

ஜூன் 14, புதன்

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுத்தேன். கட்டணம் ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைத்தான் அங்கே விசாரிப்பார்கள். காரின் விலை அதைப்போல் பல மடங்கு. அதனால் காரைத் திருப்பி எடுக்கும்படி கேட்கவில்லை. குறையை வேரோடு சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்கான செலவைத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பொதுவாக வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. நானேதான் பேச வேண்டும். பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டாகப் பாடம் எடுத்தவள், பேசிவிடுவேன்.

குறிப்பேட்டை நகலெடுத்து இணைத்தேன். 14 மழை, 9 ஈரம், 4 முறை கூரை நின்றது.

ஜூலை 20, வியாழன்

ஈப்போவில் விசாரணை. எதிர்த்தரப்பிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். மூன்று வெவ்வேறு குறைகள், மூன்றும் அவ்வப்போது சரிசெய்யப்பட்டன என்றார்கள். நான் பேசியது குறைவு. குறிப்பேட்டைக் கொடுத்தேன், காகிதம் கையோடு வரும் காணொளியைக் காட்டினேன். தலைவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, மழைநீர் வடியும் குழாயை யாராவது கழற்றிப் பார்த்தீர்களா என்று அவர்களைக் கேட்டார். பார்க்கவில்லை.

சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். கண்ணாடியின் அளவைச் சீராக்குவது, மூலை ரப்பரையும் இடப்பக்கக் குழாயையும் மாற்றுவது, அரித்த கம்பித்தொகுதியைப் புதிதாகப் போடுவது, கம்பளத்தையும் அடிப்பஞ்சையும் மாற்றுவது. எனக்கு இன்னும் ஒன்று வேண்டும் என்றேன். இது திரும்பத் திரும்ப வந்த ஒரே குறை என்று எழுதித் தர வேண்டும். எதிரே இருந்தவர் தயங்கினார். நான் நகரவில்லை. மன்றம் பதிந்த சமரசத்துக்குத் தீர்ப்பின் வலு உண்டு. அந்தத் தாளில் இப்போது மூன்று மலாய்ச் சொற்கள் இருக்கின்றன: கெரோசாக்கான் யாங் சாமா. அதே பழுது.

படிக்கட்டில் இறங்கும்போது அம்மாவின் கரிச்சுவர்தான் மனத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 5, சனி

கார் வந்தது. கழற்றிய பழைய குழாயையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். தலைப்பக்கம் கவ்வி பொருத்தப்படவே இல்லை. தொழிற்சாலையில் விட்டுப்போன ஒரு சிறு கவ்விக்காக ஐந்து மாதம். பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மூன்று வாரம் பொறுத்திருந்தேன். ஆறு மழை, ஆறிலும் கம்பளம் காய்ந்திருந்தது. இன்று காலை பசியாறிவிட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

தோட்டச் சாலையில் கூரையைத் திறந்தேன். பால் மரங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய் தரும் செம்பனை. ஆனாலும் அப்பாவுக்கு ஒவ்வொரு வளைவும் தெரிந்திருந்தது. "இங்கே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம். அதோ, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை. இந்த மேட்டில் துரை வேகத்தைக் குறைக்கச் சொல்வார்," என்றார். நானும் குறைத்தேன். அங்கிருந்து கோலகங்சாருக்குப் போனோம். 1877இல் அங்கே நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் மரமாக நிற்கிறது. அப்பா இறங்கிப் போய், பட்டையில் பழைய வெட்டுத் தழும்பைத் தேடுவதுபோல் உள்ளங்கையால் தடவினார்.

திரும்பும்போது மேற்கே கறுத்தது. ஓரமாக நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன். கூரை எழுந்து முன்னால் வந்தது. அப்பாவின் இரண்டு கைகளும் தாமாக உயர்ந்தன. துணியின் விளிம்பைப் பிடித்து இழுத்து, மோரிஸில் கொக்கி இருந்த இடத்தை விரல்கள் தேடின. பூட்டு விழுந்த ஒலி கேட்டபின்தான் கைகளை மடியில் வைத்தார்.

மழை: மாலை 4.10 முதல் 4.55 வரை, பலத்த மழை. இடப்பக்க மூலை: காய்ந்திருக்கிறது. கம்பளம்: காய்ந்திருக்கிறது. கூரை: மூடியது.