நிறமூர்த்தம் எத்தனை, டிஎன்ஏ எவ்வளவு? உயிரியலில் நான் தடுக்கி விழுந்த இடம்

உயர்தரப் பரீட்சையை முதல் தடவை எழுதியபோது எனக்கு உயிரியலில் எஸ், அதாவது சாதாரண சித்திதான் வந்தது. இரண்டாம் தடவை ஏ. இடையில் என்ன செய்தாய் என்று ஊரில் தம்பி தங்கச்சிமார் கேட்பதால் ஒரு பகுதியை மட்டும் எழுதுகிறேன். கலம் தன் பரம்பரைப் பொருளை எப்படி வைத்திருக்கிறது, எப்படி அடுத்த கலத்துக்குக் கொடுக்கிறது என்ற பகுதி. அது விளங்கிய பிறகுதான் பிறப்புரிமையியல் முழுவதும் எனக்குத் திறந்தது.

முதல் தடவை நான் பாடமாக்கினேன். கலம் பிரியும் கட்டங்களை முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை என்று வரிசை பிசகாமல் சொல்வேன், படமும் கீறுவேன். ஆனால் 46 நிறமூர்த்தம் (பரம்பரைப் பொருளான டிஎன்ஏ சுருண்டிருக்கும் இழை, குரோமோசோம்) உள்ள கலத்தில், ஒரு கலம் அதே போன்ற இரண்டாகும் இழையுருப்பிரிவின் மேன்முகவவத்தையில், அதாவது அந்த இழைகள் இரு பக்கமும் இழுபடும் கட்டத்தில், எத்தனை இருக்கும் என்று கேட்டால் 46 என்றே குறிப்பேன். சரியான விடை 92. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

தெளிவு வந்தது அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து. சிவப்புக் கம்பளி நூலில் நீளமாக ஒன்று, கட்டையாக ஒன்று வெட்டினேன். அது தாயிடமிருந்து வந்தது. நீல நூலிலும் அப்படியே இரண்டு, அது தகப்பனிடமிருந்து வந்தது. ஆக நான்கு நிறமூர்த்தம் உள்ள ஒரு கலம். இனி பிரிவுக்கு முந்திய இடையவத்தையில் டிஎன்ஏ இரட்டிக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதே நிறத்தில், அதே நீளத்தில் இன்னொன்று வெட்டி, இரண்டையும் சேர்த்து வெள்ளைத் தையல் நூலால் ஒரு கட்டுப் போட்டேன். அந்தக் கட்டு இருக்கும் இடம் மையப்பாத்து.

மேசையில் இப்போது எட்டு நூல், நான்கு கட்டு. நூலை எண்ணினால் டிஎன்ஏ, கட்டை எண்ணினால் நிறமூர்த்தம். டிஎன்ஏ இரட்டித்தும் நிறமூர்த்த எண்ணிக்கை மாறவில்லை. இழையுருப்பிரிவில் கட்டை அவிழ்த்தேன். அந்தக் கணமே ஒவ்வொரு நூலும் தனி நிறமூர்த்தம், ஆகவே எட்டு. 92 எங்கிருந்து வந்தது என்று கண்ணால் கண்டேன்.

பிறகு திரும்பக் கட்டி ஒடுக்கற்பிரிவு செய்தேன், அதாவது புணரிகள் (விந்து, முட்டை போன்ற பாலணுக்கள்) உருவாவதற்காக இரண்டு தடவை நடக்கும் பிரிவு. முதற் பிரிவில் கட்டை அவிழ்க்கக் கூடாது. நீளச் சிவப்பும் நீள நீலமும் சோடி சேர்ந்து, கட்டோடு எதிரெதிர்ப் பக்கம் போக வேண்டும். ஒரு பக்கத்தில் இரண்டு கட்டு, நான்கு நூல். இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நிறமூர்த்தம் பாதியாகிவிட்டது, ஆனால் டிஎன்ஏ அளவு இரட்டிக்க முன்பிருந்த உடற்கலத்தின் அளவேதான். வரைபு தந்து கேட்கும் வினாக்களில் நான் புள்ளி இழந்தது இங்கேதான். கட்டு அவிழ்வது இரண்டாம் பிரிவில்.

சோடி சேர்ந்திருக்கும்போது ஒரு சிவப்பு நுனியையும் ஒரு நீல நுனியையும் வெட்டி மாற்றி முடிந்தேன். குறுக்குப்பரிமாற்றம் அவ்வளவுதான். அது இல்லாமலே, சோடிகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதை மட்டும் வைத்து 23 சோடிக்கு 2இன் 23ஆம் அடுக்கு, அதாவது 83,88,608 வகைப் புணரிகள் வரலாம்.

அப்புறம் தோட்டத்தைப் பாருங்கள். நம்மூரில் சின்ன வெங்காயத்தைக் குமிழாகவே நடுகிறோம். அங்கே நடப்பது இழையுருப்பிரிவு மட்டும், அதனால் தாய்க் குமிழின் குணம் அப்படியே வரும். பனையோ கொட்டையிலிருந்து முளைப்பது, ஒடுக்கற்பிரிவையும் கருக்கட்டலையும் தாண்டி வந்தது. ஆணா பெண்ணா என்று பாளை வரும்வரை யாருக்கும் தெரியாது. நீர்வேலிப் பக்கம் வாழைத் தோட்டத்தால் போகும்போது இதையும் நினையுங்கள்: நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவை மும்மடியம், அதாவது மூன்று தொகுதி நிறமூர்த்தம், மொத்தம் 33. மூன்று தொகுதியைச் சோடி சேர்க்க முடியாததால் ஒடுக்கற்பிரிவு குழம்புகிறது, பழத்தில் விதை இல்லை, குட்டி பிரித்துத்தான் நட வேண்டியிருக்கிறது.

செய்முறைக்கும் வெங்காயம்தான். வேர்நுனியை நசுக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பெரும்பாலான கலங்கள் இடையவத்தையில்தான் இருக்கும், சோர வேண்டாம். மெதுவாக நகர்த்துங்கள். 16 நிறமூர்த்தங்களும் இரண்டாய்ப் பிரிந்து துருவங்களுக்கு இழுபடும் ஒரு கலம் அகப்பட்டால், படம் கீற வேறு எதுவும் தேவையில்லை.

பரீட்சை பற்றிச் சுருக்கமாக. முதலாம் பத்திரத்தில் 50 வினாவுக்கு இரண்டு மணித்தியாலம்தான். எண்ணிக்கை வினா வந்தால் மனதால் கணக்குப் பார்க்காமல் ஓரத்தில் நான்கு கோடு கீறிக் கட்டுப் போடுங்கள். அரை நிமிடம் போதும்.

இன்றைக்கே நூல் எடுத்துப் பழ ஈயின் கலத்தைச் செய்து பாருங்கள். அதற்கு நிறமூர்த்தம் 8. முதற் பிரிவு முடிந்ததும் ஒரு கலத்தில் 4 கட்டு, 8 நூல். கடைசியில் ஒரு புணரியில் 4 நூல். குறுக்குப்பரிமாற்றம் இல்லாமல் எத்தனை வகைப் புணரி வரலாம் என்று சிவப்பையும் நீலத்தையும் மாற்றி மாற்றி அடுக்கி எண்ணுங்கள். 16 வர வேண்டும்.