ஒளித்து வைத்த தோணிகள்

"ஏனப்பா இவ்வளவு தோணியையும் ஒளிச்சு வெச்சாங்க?"

2016இல் வந்த மோவானா கார்ட்டூன் படத்தில், குகைக்குள் பழைய தோணிகள் ஒளிந்திருக்கும் காட்சி ஓடும்போது மகள் கேட்டாள். தீவில் வளரும் சிறுமி மோவானாவைக் கடலுக்கே விடாத அப்பா. ஆனால் முன்னோரெல்லாம் கடலோடிகள் என்று அப்பம்மா காட்டிக்கொடுக்கிறார்.

அந்த அப்பாவில் எனக்குக் கோபமே வரவில்லை. இளவயதில் கடலுக்குப் போய் நண்பனைப் பறிகொடுத்த மனுசன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளைக் கேளுங்கள், எத்தனை வீட்டில் இதே கட்டளை என்று சொல்வார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொரு இடம். மோவானா மனமுடைந்து, வேறு யாரையாவது தேர்ந்தெடு என்று, கடல் தன்னைத் தேர்ந்து ஒப்படைத்த கல்லைக் கடலிடமே கொடுத்துவிடுகிறாள். கடலும் பேசாமல் வாங்கிக்கொள்கிறது. அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம் தான் யாருடைய பிள்ளை, எந்தச் சனத்தின் பிள்ளை என்பது மனதில் உறைக்க, தானே கடலுக்குள் குதித்து, அடிவரை போய் அதை எடுத்து வருகிறாள். முன்பு கடல் தந்த பொறுப்பு, இப்போது அவளே எடுத்துக்கொண்டது. சின்னப் பிள்ளைகளின் படத்தில் இவ்வளவு பெரிய விசயம்!

சரி, மகளுக்கு நீச்சல் பழக்க முடிவெடுத்துவிட்டோம். கல்லடிப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகப் பழக்குபவர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.